கத்தியில்லாமல் கட்டியைக் கருக்க முடியுமா?

கேள்வி: என் அக்காவுக்கு வயது 46. இடது மார்பில் 2 சென்டிமீட்டர் கட்டி. பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்துவிட்டார்கள். இதற்கிடையில், ஒலியலையின் சூட்டிலேயே கட்டியைக் கருக்கிவிடலாம், கத்தியே வேண்டாம் என்று சொல்லும் ஒரு வீடியோவை மாமா பார்த்திருக்கிறார். அக்காவும் "மார்பை எடுக்க விடமாட்டேன்" என்று அழுகிறாள். ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா டாக்டர்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தள்ளிப்போடாதீர்கள் அம்மா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாமா பார்த்தது பொய்யல்ல. வயிற்றை ஸ்கேன் செய்யப் பயன்படும் அதே வகை ஒலியலையைப் பல மடங்கு வலுவாக்கி, ஒரே புள்ளியில் குவிக்கிறார்கள். நோயாளி மேசையில் குப்புறப் படுத்திருப்பார்; மேசையிலுள்ள திறப்பின் வழியே மார்பு நீருக்குள் இறங்கியிருக்கும். அலை குவியும் இடத்தில் சில நொடிகளில் சூடு 60 டிகிரியை எட்டும். முட்டையின் வெள்ளைக்கரு இறுகுவதுபோல் அங்குள்ள திசு வெந்து சாகும். ஆனால் ஒரு தடவைக்கு வேகும் இடம் ஏறக்குறைய ஓர் அரிசி அளவுதான். தோல் ஆறும்வரை காத்திருந்து அடுத்த அரிசி, அதற்கடுத்தது என்று கட்டி முழுவதையும் நிரப்ப வேண்டும். நோயாளி கொஞ்சம் அசைந்தாலும் குறி தப்பும். தோலோ விலா எலும்போ மிக அருகில் இருந்தால் சுட்டுவிடும் ஆபத்தும் உண்டு.

உண்மையான சிக்கல் கட்டியின் ஓரத்தில் இருக்கிறது. 2003-ல் மான்ட்ரியல் மருத்துவர்கள் 12 பெண்களுக்கு இப்படிச் சூடு கொடுத்துவிட்டு, பிறகு கட்டியை அறுத்தெடுத்துச் சோதித்தார்கள். இரண்டு கருவிகளில் நன்றாக வேலை செய்த கருவியால் சிகிச்சை பெற்ற 9 பேருக்கும்கூட, சராசரியாக 88 சதவீதப் புற்றுத்திசுதான் செத்திருந்தது. மிஞ்சியது பெரும்பாலும் ஓரங்களில். அறுத்துப் பார்த்ததால் அது தெரிந்தது. அறுக்காமல் விட்டிருந்தால்?

ஆபரேஷனில் எடுத்த கட்டியின் விளிம்பில் மை பூசி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, மை பட்ட இடத்தில் புற்று இல்லை என்று நோயியல் நிபுணர் எழுதித் தருவார். வெந்த கட்டி உள்ளேயே தங்கிவிட்டால் அந்தச் சான்று கிடைக்காது. அக்குளில் நெறிக்கு நோய் பரவியிருக்கிறதா என்பதையும் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்க எஃப்.டி.ஏ. 2004-ல் கர்ப்பப்பை நார்க்கட்டிக்கும், 2012-ல் எலும்புக்குப் பரவிய புற்றின் வலிக்கும் இம்முறையை அனுமதித்தது. மார்பகப் புற்றுக்கு அனுமதி தரவில்லை. ஃபைப்ரோஅடினோமா என்ற, புற்றல்லாத மார்புக் கட்டிக்கு ஐரோப்பாவில் இது பயன்பாட்டில் இருக்கிறது. உங்கள் அக்காவுக்கு இருப்பது அதுவல்ல.

அக்காவின் பயம் மார்பை இழப்பதைப் பற்றியதுதானே? கட்டியை மட்டும் எடுத்து, பிறகு கதிர்வீச்சு (நம் ஊரில் "கரண்டு வைப்பது" என்பார்களே, அதுதான்) கொடுத்தால், முழு மார்பையும் எடுத்தவர்களுக்கு நிகராகவே உயிர் வாழ்கிறார்கள். அமெரிக்காவிலும் இத்தாலியிலும் 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002-ல் வெளியிட்ட முடிவு அது. 2 சென்டிமீட்டர் கட்டி என்றால் பலருக்கு இந்த வழி திறந்திருக்கிறது.

இந்த வாரமே அக்காவையும் மாமாவையும் சேர்த்து அழைத்துக்கொண்டு சர்ஜனிடம் போங்கள். "மார்பை வைத்துக்கொண்டு கட்டியை மட்டும் எடுக்க முடியுமா?" என்று அக்காவே வாய்விட்டுக் கேட்கட்டும். கொடுத்த தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.