வீட்டு வேலையும் விஞ்ஞானமும்

ஆராய்ச்சிக்கூடத்தில் நாம் ஒரு குடுவையைக் கழுவினால் அது கல்வியின் ஒரு பகுதி. வீட்டில் அம்மா ஒரு பாத்திரத்தைக் கழுவினால் அது வெறும் வேலை. நீர் ஒன்றே, அழுக்கு நீங்கும் முறையும் ஒன்றே. ஆயினும் முன்னதை நூலில் எழுதிப் படிக்கிறோம். பின்னதைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. இந்தப் பாகுபாடு பொருந்துமா என்பதைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழகத்தை விட்டு டில்லிக்கு வந்து குடியேறிய குடும்பங்களில் இக்கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. ஊரில் பாட்டி இருப்பார். அத்தையோ சித்தியோ அடுத்த தெருவில் இருப்பார்கள். மாவு அரைக்க ஒருவர், குழந்தையைப் பார்க்க ஒருவர் என்று வேலை பல கைகளில் பிரியும். இங்கே அந்தக் கைகள் இல்லை. எல்லா வேலையும் அம்மாவின் மேல் விழுகிறது. அவர் அலுவலகம் செல்பவராயின் அதன் ஒரு பாதி அக்காள் தங்கைமாரின் படிப்பு நேரத்தில் கை வைக்கிறது. விஞ்ஞானம் பயிலும் மாணவன் வீட்டு வேலையின் காரணங்களை உணர்ந்தால், அவ்வேலை அவனுக்கு இழிவாகவும் தோன்றாது, கடினமாகவும் தோன்றாது. பிறகு அதில் தன் பங்கை ஏற்கத் தடை ஏது? சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

கொதிக்கும் நீரின் பாடம்

அடுப்பை எவ்வளவு பெரிதாக எரியவிட்டாலும், திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் நீர் 100 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறுவதில்லை. அதிகமாக ஊட்டும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் நீரை 20 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர 80 கிலோ கலோரி வேண்டும். அதே நீரில் 150 மில்லி லிட்டரை, அதாவது ஒரு தம்ளர் அளவை, ஆவியாக்க 81 கிலோ கலோரி வேண்டும். மூடாத பாத்திரத்திலிருந்து ஒரு தம்ளர் நீர் ஆவியாகப் போனால், ஒரு லிட்டர் நீரைப் புதிதாகக் கொதிக்க வைக்கும் வெப்பம் வீணாயிற்று என்பது பொருள். ஆகவே கொதி வந்ததும் தட்டை மூடித் தீயைக் குறைத்தால் போதும். சோறு அதே நேரத்தில் வேகும், காஸ் மிச்சமாகும்.

குக்கர் வேகமாக வேகவைப்பது ஏன்? நீராவியை அடைத்து அழுத்தத்தை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கினால் நீரின் கொதிநிலை 120 பாகை வரை உயர்கிறது. டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சு அறிஞர் 1679-ஆம் ஆண்டிலேயே இந்த உண்மையைக் கொண்டு ஒரு பாத்திரம் செய்தார். இதற்கு மாறாக, 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள சிம்லாவில் காற்றழுத்தம் குறைவு. அங்கே நீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகத் தாமதமாகும். உணவை வேகவைப்பவை வெப்பநிலையும் நேரமும் ஆகும். விசிலின் எண்ணிக்கை அன்று. முதல் விசில் வந்தபின் தீயைக் குறைத்து, நேரத்தைக் கணக்கிடுவதே முறை. தொடர்ந்து கூவும் குக்கர் நீராவியையும் காசையும் சேர்த்து வெளியே விடுகிறது.

பருப்பும் சோப்பும்

டில்லியின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீராக இருக்கிறது. அதில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுதி. அந்நீரில் சோப்பு நுரைப்பதில்லை. வாளியின் ஓரத்தில் வெள்ளை ஏடாகப் படிகிறது. சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடிய உப்பு. அது கால்சியத்தோடு சேர்ந்தால் நீரில் கரையாத பொருளாக மாறிவிடுகிறது. சலவைச் சோடா சிறிது சேர்த்தால் கால்சியம் தனியே படிந்துவிடும். பிறகு சோப்பு நுரைக்கும்.

அதே கால்சியம் துவரம்பருப்பிலும் தன் வேலையைக் காட்டுகிறது. பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் வேகும்போது கரைய வேண்டும். கால்சியம் அதைப் பிணைத்து இறுக்குகிறது. எத்தனை நேரம் வேகவைத்தாலும் பருப்பு குழையாமல் நிற்பதன் இரகசியம் இதுவே. வடிகட்டிய குடிநீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அந்நீரிலேயே வேகவைத்தால் குறை தீரும். சமையல் சோடா போட்டால் விரைவில் குழையும் என்பது உண்மையே. ஆனால் பருப்பிலுள்ள தயமின் என்ற வைட்டமின் அழிந்துவிடும்.

பருப்பு வெந்த பிறகுதான் புளி கரைத்து ஊற்ற வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பலர் இதை வெறும் வழக்கம் என்று எண்ணியிருக்கலாம். புளியின் அமிலமும் பெக்டின் கரைவதைத் தடுக்கிறது. படிக்காத பாட்டிகளும் தலைமுறை தலைமுறையாக நோக்கிக் கண்ட முடிவு அது. கவனித்தலும் முடிவு காணுதலும் விஞ்ஞானம் என்றால், அடுப்படியும் ஆராய்ச்சிக்கூடமே.

அலசும் கணக்கு

துணி துவைப்பதில் அதிக நீர் செலவாவது அலசும்போதுதான். சோப்புப் போட்டுப் பிழிந்த துணிகளில் ஒரு லிட்டர் சோப்பு நீர் தங்கியிருக்கிறது என்று கொள்வோம். அலச நம்மிடம் ஒன்பது லிட்டர் நீர் இருக்கிறது. முழுவதையும் ஒரே தடவையாக ஊற்றி அலசிப் பிழிந்தால் துணியில் பத்தில் ஒரு பங்கு சோப்பு எஞ்சும். அதே ஒன்பது லிட்டரை மும்மூன்று லிட்டராகப் பிரித்து மூன்று தடவை அலசினால் ஒவ்வொரு தடவையும் நான்கில் ஒரு பங்குதான் எஞ்சும். மூன்றாம் முடிவில் 64-இல் ஒரு பங்கே மிஞ்சும். நீர் அதே அளவு. பயன் ஆறு மடங்கு.

இன்னும் ஒன்று. தொடக்கத்திலிருந்தே துணியை நன்றாகப் பிழிந்து அரை லிட்டர் மட்டும் தங்கும்படி செய்தால், மூன்று தடவை அலசியபின் அந்த அரை லிட்டரில் இருந்த சோப்பில் 343-இல் ஒரு பங்கே எஞ்சும். பிழிவதற்குக் கையிலுள்ள வலிமை, பிறகு நீரிறைக்கும் வலிமையை மிச்சப்படுத்துகிறது. இரசாயன மாணவர்கள் வீழ்படிவைக் கழுவும்போது சிறிது சிறிதாகப் பலமுறை கழுவ வேண்டும் என்று கற்றது இதைத்தான். கோடையில் குழாயில் நீர் சில மணி நேரமே வரும் தெருக்களில் இக்கணக்கின் அருமை நன்கு தெரியும்.

குளிர்காலத்து மாவு

வடக்கே வந்த தமிழ்க் குடும்பங்களின் பெருங்கவலைகளில் ஒன்று, குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்காமை. மாவைப் பொங்கச் செய்பவை நுண்ணுயிர்கள். அவற்றில் முக்கியமானது லூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்னும் பாக்டீரியா. அது மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, அமிலத்தையும் கரியமிலவாயுவையும் உண்டாக்குகிறது. உளுந்தின் பசைத்தன்மை அவ்வாயுவை வெளியேறவிடாமல் பிடித்துக்கொள்கிறது, மாவு உப்புகிறது.

அவ்வுயிர்களுக்கு ஏற்ற சூடு ஏறத்தாழ 30 பாகை. சென்னையில் ஜனவரி இரவிலும் வெப்பநிலை 20 பாகை அளவில் நிற்கும். டில்லியில் அதே இரவில் 10 பாகைக்குக் கீழே இறங்கிவிடும். உயிர்கள் சாவதில்லை, சோம்பிக் கிடக்கின்றன. ஆகவே மாவு கெட்டது என்று கவலைப்பட வேண்டா. வெதுவெதுப்பான நீரில் அரைத்து, புளித்த பழைய மாவில் ஒரு கரண்டி கலந்து, மூடிய பெட்டியில் ஒரு பாத்திரம் வெந்நீரோடு வைத்து, மேலே கம்பளியைப் போர்த்திவிடுங்கள். வெந்நீர் ஆறியதும் மாற்றுங்கள். கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை, உள்ளதைக் காக்கிறது. அதனால் வெறும் கம்பளியை மட்டும் போர்த்தினால் பயன் சிறிதே.

யாருடைய நேரம்?

இதுவரை கண்டவை பதினோராம் வகுப்புப் பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் மேற்பட்டவை அல்ல. ஆண் பிள்ளைகளும் இவற்றைப் படித்துத் தேர்ந்தவர்களே. ஆனால் இவை பயன்படும் இடத்தில் அவர்களைக் காணோம். இதே டில்லியில் 1932-இல் தொடங்கிய லேடி இர்வின் கல்லூரி மனையியலைப் பெண்களுக்குக் கற்பித்துப் பெரும்பணி ஆற்றியது. வெப்பமும் அழுத்தமும் நுண்ணுயிரும் ஆணுக்கு ஒரு விதமாகவும் பெண்ணுக்கு ஒரு விதமாகவும் நடப்பதில்லை. அவற்றை அடுப்படியில் பயன்படுத்தும் பொறுப்பு மட்டும் ஒரு பாலாருக்கே உரியது என்பது எந்த விதியில் உள்ளது?

இந்திய அரசு 2019-இல் நேரப் பயன்பாடு பற்றி நாடெங்கும் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 விழுக்காட்டினர் ஒரு நாளில் ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்டனர், ஆண்களில் 26.1 விழுக்காட்டினரே ஈடுபட்டனர். ஈடுபட்ட பெண் ஒருவர் சராசரியாக 299 நிமிடமும், ஈடுபட்ட ஆண் ஒருவர் 97 நிமிடமும் செலவிட்டனர். 299 நிமிடம் என்பது ஏறத்தாழ ஐந்து மணி நேரம். நம் பல்கலைக்கழகத்தில் ஒரு நாளைய வகுப்புகள் அவ்வளவு நேரம் நடப்பதே அரிது.

வேலையை ஆராய்ந்து நேரத்தைக் குறைக்கலாம் என்பதற்கு லில்லியன் கில்பிரெத் அம்மையார் நல்ல சான்று. இவரும் கணவர் பிராங்க் கில்பிரெத்தும் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் தொழிலாளரின் அசைவுகளை நோக்கி, வீண் அசைவுகளை நீக்கும் முறையை வளர்த்தனர். 1924-இல் கணவர் மறைந்தார். பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்போடு, அம்மையார் அதே முறையைச் சமையலறைக்கும் கொண்டுவந்தார். அடுப்பும் தொட்டியும் சாமான் அலமாரியும் அருகருகே இருந்தால் நடை குறையும் என்று காட்டினார். வீட்டு வேலையும் பொறியியலுக்கு உரிய பொருளே என்பதை அவர் நிறுவினார்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, விடுமுறையில் வீடு சென்றதும் ஒரு வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். என்ன வேலை, யார் செய்தார், எத்தனை நிமிடம் என்று மூன்று பத்திகள் போதும். பரிசோதனைக் குறிப்பு எழுதுவதுபோல் எழுதுங்கள். யாரையும் குறை கூற வேண்டா, அட்டவணையே பேசும்.

இரண்டாவது, "ஏதாவது உதவட்டுமா?" என்று கேட்பதை விட்டு, ஒரு வேலையை முழுமையாக ஏற்றுக்கொள்ளுங்கள். மாவு என்றால் உளுந்து தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பது முதல் அரைத்தபின் இயந்திரத்தைக் கழுவி வைப்பது வரை எல்லாம் அதில் அடங்கும். நினைவில் வைத்திருப்பதும் ஒரு வேலையே. சொன்னால் செய்கிறேன் என்பவன் கையை மட்டும் தருகிறான். கவலையை அம்மாவிடமே விட்டுவைக்கிறான்.

மூன்றாவது, நாள்தோறும் அரை மணி நேரம் என்று வரையறை செய்துகொள்ளுங்கள். ஓர் ஆண்டில் அது 182 மணி நேரத்துக்கு மேலாகும். எங்கள் வீட்டில் மாவு என் பொறுப்பு, மாலைப் பாத்திரம் அப்பாவின் பொறுப்பு என்று ஆனபின், பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்கும் என் தங்கை ஒரு மணி நேரம் முன்னதாகவே புத்தகத்தைத் திறக்கிறாள். அவள் பெறும் மதிப்பெண்ணில் அந்த மாவுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் நம்பிக்கை.

விடுதியில் வாழும் நண்பர்கள் இப்போதே தொடங்கலாம். தம் துணியைத் தாமே மூன்று முறை அலசிப் பழகுவது சிறிய செயல்தான். தன் வேலையைத் தானே செய்து பழகியவனுக்கே பிறர் உழைப்பின் அளவு தெரியும். அந்த அளவு தெரிந்தபின் அவன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டான். நாம் கற்ற விஞ்ஞானம் முதலில் நம் வீட்டு அடுப்படிக்குப் பயன்படட்டும். அங்கே மிச்சமாகும் நேரம் நம் அன்னையர்க்கும் உடன்பிறந்தாருக்கும் உரியதாகட்டும்.