காணொளிச் சுருக்கம்

சென்னையினின்று தெற்கே செல்லும் பெருஞ்சாலையின் மருங்கில், செங்கல்பட்டு மாவட்டத்தில் அமைந்துள்ளது மறைமலை நகர். தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளின் பெயர் தாங்கிய இவ்வூரில் தொழிற்கூடங்கள் பல உள. பகலெல்லாம் இயந்திர ஒலி கேட்கும் இவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், திருவிழா இரவில் தெருக்கூத்து நடைபெறுகிறது. முதுமையுற்ற கூத்தர் ஒருவரின் ஆட்டத்தை இந்நகர் மாணவி ஒருத்தி கைப்பேசியில் படம்பிடித்தாள் எனக் கொள்வோம். உலகோர் காணுமாறு அதனை இணையத்தில் ஏற்ற அவள் விழைகிறாள். உருவம் சிதையாமல் அதனை ஏற்றுவது எங்ஙனம்?

மாணவர்களே! முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அகலத்தில் 1920 புள்ளிகளும் உயரத்தில் 1080 புள்ளிகளும் கொண்ட படம் ஒன்றில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 3 பைட்டுகள் வேண்டும். விநாடிக்கு 25 படங்கள் ஓடுமாயின், ஒரு விநாடிக்கு 15 கோடிக்கு மேற்பட்ட பைட்டுகள் தேவை; ஒரு நிமிடத்திற்கோ ஏறத்தாழ 933 கோடி! இதனை அவ்வாறே அனுப்ப முயல்வது ஏரி நீரைக் குடத்தில் அடைக்க முயல்வதற்கு ஒப்பாகும். ஆதலின் கைப்பேசியே படம்பிடிக்கும்போது ஒருமுறை சுருக்கிப் பதிவு செய்கிறது.

இச்சுருக்கம் இரு வழிகளில் நிகழ்கிறது. கூத்தர் ஆடும்போது பின்னால் உள்ள திரை அசைவதில்லை. அடுத்தடுத்த படங்களில் மாறாத பகுதியைத் திரும்பத் திரும்ப எழுதாது, மாறியதை மட்டும் குறித்துக்கொள்வது ஒரு வழி. ஒரே படத்திற்குள், கண்ணுக்கு எளிதிற் புலப்படாத நுண்ணிய வேறுபாடுகளை விலக்குவது மற்றொரு வழி.

இரண்டாம் வழிக்கு அடிப்படையாக விளங்குவது கொசைன் உருமாற்றம் என்னும் கணித முறையாகும். இதனைக் கண்டவர் பெங்களூரில் 1940-இல் பிறந்த நசீர் அகமது என்னும் பொறியியல் அறிஞர். அமெரிக்காவின் கான்சாசு மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 1972-இல் இவ்வாராய்ச்சிக்கு அவர் பொருளுதவி வேண்டினார். கருத்து மிக எளியதாகத் தோன்றியமையால் உதவி மறுக்கப்பட்டது. எனினும் அவர் சோர்ந்திலர். 1973-ஆம் ஆண்டுக் கோடைக் காலத்தை இம்முயற்சிக்கே செலவிட்டார். டி. நடராஜன், கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்ற கே. ஆர். ராவ் ஆகியோருடன் இணைந்து 1974-இல் தம் கட்டுரையை வெளியிட்டார். எளியதென ஒதுக்கப்பட்ட அக்கருத்தே இன்று கோடிக்கணக்கான கைப்பேசிகளில் பயன்படுகிறது.

இனி, மாணவியின் வினாவிற்கு வருவோம். 2003-இல் ஏற்பு பெற்ற எச்.264 என்னும் சுருக்க முறையும் எம்பி4 என்னும் கோப்பு வடிவமும் பெரும்பாலான கருவிகளுக்கு ஏற்றவை. மேற்கூறிய அளவுடைய காணொளி இயல்பான வேகத்தில் ஓடுமாயின், விநாடிக்கு 80 இலட்சம் பிட்டுகள், அதாவது 10 இலட்சம் பைட்டுகள், தருமாறு யூடியூப் தளம் பரிந்துரைக்கிறது. விநாடிக்கு 50 அல்லது 60 படங்கள் ஓடுமாயின் 120 இலட்சம் பிட்டுகள் வேண்டும். எக்ஸ்264 என்னும் மென்பொருளில் தரத்தை ஓர் எண்ணாலும் குறிக்கலாம். அங்கு இயல்பான எண் 23 ஆகும். எண் குறையக் குறையத் தரம் உயரும், கோப்பும் பெருகும். 18 என வைத்தால், மூலத்திற்கும் நகலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் காண்பது அரிது.

எல்லாக் காட்சிக்கும் ஒரே அளவு போதாது. அமர்ந்து பேசுவோரின் படத்திற்குச் சிறிதளவு போதும். கூத்தர் சுழன்றாடுகையில் ஒவ்வொரு படமும் மாறுவதால் மிகுதியாக வேண்டும். அளவு குறைந்தால் இருண்ட பகுதிகள் கட்டங்கட்டமாகச் சிதையும். படம்பிடித்த வேகத்தை மாற்றலாகாது. சிறிய படத்தைப் பெரிதாக்கி ஏற்றுவதாலும் பயனில்லை. இல்லாத நுட்பம் அதனால் வந்துவிடாது.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஏற்றிய காணொளியை இணையத்தளம் தானும் மீண்டும் சுருக்கும். எனவே நாம் தருவது செறிவுடையதாக இருத்தல் வேண்டும். தோழியர் செய்திச் செயலி வழியே அனுப்பிய நகலை எடுத்து ஏற்றினால், அது நகலின் நகலாகும். ஒவ்வொரு சுருக்கத்திலும் சிறிது தேயும், தேய்ந்தது மீளாது. ஆகவே கைப்பேசியில் பதிந்த மூலக் கோப்பினின்றே ஏற்றுதல் வேண்டும். அம்மூலத்தை அழிக்காது வேறோரிடத்திலும் காத்தல் வேண்டும்.

அடுத்த திருவிழாவில் அம்முதியவர் ஆடுவாரோ, மாட்டாரோ! அவர்தம் முகக்குறிப்பும் அடவும் வருங்கால மாணவர்க்கு எஞ்சி நிற்பது அம்மூலப் பதிவில் மட்டுமே. எதனை விடலாம், எதனை விடலாகாது என்று தெளிந்து செய்வதே நல்ல சுருக்கம் ஆகும்.