பார்வையாளர்களா, பங்காளர்களா?

(கிராமக் குழுக்களுக்கான படிப்பினை)

பல்லேகலயில் சர்வதேசக் கிரிக்கெட் போட்டி நடைபெறும் நாட்களில் கண்டியிலிருந்து திகன, தெல்தெனிய ஊடாக மகியங்கனை செல்லும் வீதியைப் பார்த்தவர்களுக்கு அதை மறக்க முடியாது. காலையிலேயே பஸ்கள் நிரம்பிவிடும். கன்னங்களில் சிங்கக்கொடி தீட்டிய பிள்ளைகள், பப்பரே வாத்தியக்காரர்கள், கைக்குழந்தையோடு நடந்து வரும் தாய்மார், தோட்டத்திலிருந்து ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்த இளைஞர்கள் என்று எல்லோரும் ஒரே திசையில் செல்வார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடு அந்த வரிசையில் தெரியாது.

அத்தகைய ஒரு நாளுக்கு அடுத்த வாரம், அதே பகுதியிலுள்ள ஒரு கிராமத்தின் குடிநீர்ச் சங்கக் கூட்டத்துக்கு நாம் சென்றிருந்தோம். தாங்கி வெடித்திருந்தது, குழாய்கள் பழுதாகியிருந்தன, சந்தாப் பணம் பல மாதங்களாகச் சேரவில்லை. ஊர் முழுவதும் குடிக்கும் தண்ணீரைப் பற்றிய கூட்டம். வந்திருந்தவர்களை இரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அவர்களிலும் பெரும்பாலானோர் வயதான பெண்கள். திரும்பும் வழியில் சந்தியில் நின்ற இளைஞர்களிடம் நாம் காரணம் கேட்டோம். ஒருவர் தயங்காமல் சொன்னார்: “மெட்ச்சுக்குப் போனா ஸ்கோர் என்னான்னு தெரியும் பாதர். கூட்டத்துக்கு வந்தா என்ன தெரியும்?”

அன்று அந்தப் பதில் நம்மைச் சுட்டது. ஆறுதலாக எண்ணிப் பார்த்தபோது, அது நமக்கு ஒரு பாடமாகவே தோன்றியது. அதையே இவ்விதழில் நாம் சேர்ந்து படிப்போம்.

1. பார்ப்போம்

கண்டிக்கு நீண்ட காலம் அஸ்கிரிய மைதானமே டெஸ்ட் மைதானமாக இருந்தது. 1983இல் அங்கு முதல் டெஸ்ட் நடைபெற்றது. 2007 டிசம்பர் 3ஆம் திகதி, கண்டி மண்ணின் மைந்தனும் கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியின் பழைய மாணவருமான முத்தையா முரளிதரன், தமது 709ஆவது விக்கெட்டைக் கைப்பற்றி உலக சாதனை படைத்ததும் அங்கேதான். பின்னர் 2011 உலகக் கிண்ணத்தை முன்னிட்டுப் பல்லேகலயில் ஏறத்தாழ 35,000 பேர் அமரக்கூடிய புதிய மைதானம் எழுந்தது. 2010 டிசம்பரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக முதல் டெஸ்ட் அங்கு நடந்தது.

அந்த மைதானத்தைச் சுற்றி நடந்த மூன்று நிகழ்ச்சிகளை நினைவுகூர்வோம்.

முதலாவது, 2017 ஆகஸ்ட் 27. இந்தியாவுடனான ஒருநாள் போட்டியில் இலங்கை 217 ஓட்டங்களே எடுத்திருந்தது. இந்தியா வெற்றிக்கு இன்னும் 8 ஓட்டங்கள் பெற வேண்டியிருந்த வேளையில், ஆத்திரமடைந்த ரசிகர்கள் தண்ணீர்ப் போத்தல்களை மைதானத்துக்குள் வீசினார்கள். அரைமணி நேரத்துக்கு மேல் ஆட்டம் நின்றது. 1996 மார்ச் 13ஆம் திகதி கல்கத்தா ஈடன் கார்டன் மைதானத்தில் இந்திய ரசிகர்கள் இதையே செய்தபோது, அரையிறுதி ஆட்டம் இலங்கைக்கு வழங்கப்பட்டதை நாம் பெருமையாகப் பேசியவர்கள். 21 ஆண்டுகளின் பின் நாமும் அதையே செய்தோம்.

இரண்டாவது, 2018 மார்ச். அவ்வாண்டு பெப்ரவரி 10ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. அது முடிந்து நான்கு வாரங்கள்கூட ஆகவில்லை. தெல்தெனியவில் தாக்கப்பட்ட ஒரு சிங்கள லொறிச் சாரதி மருத்துவமனையில் உயிரிழந்ததைத் தொடர்ந்து, மார்ச் 5ஆம் திகதி திகனயில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் மாண்டார். இது நடந்தது மைதானத்திலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில்தான். மார்ச் 6ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. அதே நாள் இரவு கொழும்பில் இலங்கையும் இந்தியாவும் மோதிய இருபது ஓவர் போட்டி திட்டமிட்டபடி நடந்தது. இலங்கை 5 விக்கெட்டுகளால் வென்றது. புகழ்பெற்ற வீரர்கள் பலர் வன்முறையைப் பகிரங்கமாகக் கண்டித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஊரடங்குச் சட்டத்தினால் வீட்டுக்குள் இருந்த எத்தனையோ பேர் அன்றிரவு ஓட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் நாமும் ஒருவர் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

மூன்றாவது, 2022 ஜூன். எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாட்கணக்கில் மக்கள் வரிசையில் நின்ற காலம். அவ்வேளையிலும் ஜூன் 14, 16ஆம் திகதிகளில் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான போட்டிகளைக் காண மக்கள் பல்லேகலக்கு வந்தார்கள். அதே அணி ஜூலை 9ஆம் திகதி காலியில் டெஸ்ட் விளையாடிக்கொண்டிருந்தபோதோ, அந்தக் கோட்டை மதிலின் மேல் மக்கள் அரசுக்கு எதிராகக் குரல் எழுப்பினார்கள்.

ஆகவே நம் மக்கள் உணர்ச்சியற்றவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அவர்களுக்கு நேரமில்லை, பணமில்லை, ஒழுங்கமைக்கத் தெரியாது என்பதும் உண்மையல்ல. டிக்கெட் வாங்க நாள் முழுவதும் நிற்கத் தெரியும். வான் பிடித்து ஆளுக்கு இவ்வளவு என்று பணம் சேர்க்கத் தெரியும். அந்த ஆற்றல் ஊர்க் காரியத்துக்கு ஏன் வருவதில்லை என்பதே நம் கேள்வி.

2. சிந்திப்போம்

(அ) ஸ்கோர் தெரிவதில்லை. விளையாட்டில் விதிகள் எல்லோருக்கும் தெரியும். எத்தனை ஓட்டம், எத்தனை விக்கெட் என்பது பெரிய பலகையில் நிமிடத்துக்கு நிமிடம் தெரியும். நடுவர் பிழைவிட்டால் எல்லோரும் காண்கிறார்கள். முடிவு அன்றைக்கே வந்துவிடும். நமது சங்கங்களில் நிலைமை என்ன? யாப்பு எங்கே இருக்கிறது என்று செயலாளருக்கே தெரியாது. கணக்கு வருடத்துக்கு ஒருமுறை வாசிக்கப்படும், அதுவும் அவசர அவசரமாக. வீதிக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவானது எவ்வளவு என்பது ஊருக்குத் தெரியாது. ஸ்கோர் பலகையே இல்லாத ஆட்டத்தை யார் பார்க்க வருவார்கள்? சந்தியில் நின்ற இளைஞர் சொன்னது இதைத்தான். அக்கறையின்மை என்று நாம் பெயர் சூட்டுவதில் ஒரு பகுதி, மக்கள் அனுபவத்தால் கற்றுக்கொண்ட பாடமே.

(ஆ) பார்வையாளராகப் பழக்கப்பட்டுவிட்டோம். 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கம் வந்தது. பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. புதிய நகரம் கட்டப்பட்டது. பின்னர் கைத்தொழிற்பேட்டை, சிறைச்சாலை, மைதானம் ஆகியவையும் இப்பக்கம் வந்தன. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பயனைத் தந்ததை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவற்றின் தீர்மானங்கள் வேறெங்கோ எடுக்கப்பட்டன. அருகில் வாழ்ந்தவர்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். அபிவிருத்திப் பணியில் ஈடுபட்ட நம்மைப் போன்றவர்களும் குற்றமற்றவர்கள் அல்லர். “பயனாளிகள்” என்று பட்டியல் தயாரித்து, கோழிக்குஞ்சு கொடுத்து, படம் பிடித்துக்கொண்டு போனோம். அதனால் மக்கள் நம் திட்டங்களையும் கலரியிலிருந்தே பார்த்தார்கள்.

(இ) கூட்டமாக இருப்பது வேறு, சமூகமாக இருப்பது வேறு. அமெரிக்க ஆய்வாளர் ரொபர்ட் புட்னம் ஒரு விந்தையைச் சுட்டிக்காட்டினார். 1980க்கும் 1993க்கும் இடையில் அந்நாட்டில் பந்து உருட்டி விளையாடும் பௌலிங் விளையாட்டில் ஈடுபட்டோர் தொகை 10 வீதம் கூடியது. ஆனால் கழக அணிகளாகச் சேர்ந்து ஆடியோர் தொகை 40 வீதம் குறைந்தது. விளையாட்டு வளர்ந்தது, அதன் பேரில் அயலவர் வாராவாரம் சந்தித்துப் பேசும் பழக்கம் தேய்ந்தது. நம் ஊரிலும் ஆட்டத்தை ரசிப்போர் தொகை குறையவில்லை. மாலையில் வயல்வெளியிலோ லயத்து முற்றத்திலோ சேர்ந்து விளையாடுவோர் குறைந்துவிட்டார்கள். ஒன்றாகக் கத்துகிறோம், ஆட்டம் முடிந்ததும் பக்கத்து இருக்கையில் இருந்தவரின் பெயர்கூடத் தெரியாமல் வீடு திரும்புகிறோம்.

இது எவ்வளவு பாரதூரமானது என்பதை இன்னொரு ஆய்வு உணர்த்துகிறது. இந்தியாவில் சில நகரங்கள் மதக்கலவரத்தில் அடிக்கடி எரிய, வேறு சில நகரங்கள் எரியாமல் இருப்பது ஏன் என்று அசுதோஷ் வர்ஷ்ணே ஆராய்ந்து 2002இல் நூலாக வெளியிட்டார். அலிகாரில் கலவரம் திரும்பத் திரும்ப வந்தது. கேரளத்துக் கோழிக்கோட்டில் அமைதி நிலவியது. இரு நகரங்களிலும் முஸ்லிம்களின் விகிதாசாரம் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு சங்கங்களில் இருந்தது. கோழிக்கோட்டில் வியாபாரச் சங்கம், தொழிற்சங்கம், வாசிகசாலை, விளையாட்டுக் கழகம் ஆகியவற்றில் இரு மதத்தாரும் சேர்ந்திருந்தார்கள். ஒரு வதந்தி எழும்போது, “அது பொய், எனக்கு அவரைத் தெரியும்” என்று சொல்லக்கூடியவர்கள் அங்கே இருந்தார்கள். திகனயில் வதந்தி கைத்தொலைபேசிகளில் பறந்தபோது அரசு சமூக வலைத்தளங்களையே சில நாட்கள் தடைசெய்ய நேர்ந்தது. நல்ல குடிநீர்ச் சங்கம் ஒன்று இருந்திருந்தால் தீ வந்திருக்காது என்று நாம் சொல்லவில்லை. வெளியூரிலிருந்து வந்தவர்களும் அதில் பங்கெடுத்தார்கள். ஆனால் வாயிற்படியில் நின்று தடுக்க ஓர் அயலவர் வேண்டும். அந்த உறவு தீ மூண்ட அன்று முளைப்பதில்லை.

முரளிதரனின் வாழ்க்கையே இதற்குச் சாட்சி. 1977 கலவரத்தில், அவர் ஐந்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, குடும்பத்தின் பிஸ்கட் தொழிற்சாலை எரிக்கப்பட்டது, தந்தையார் தாக்கப்பட்டார். தங்களைக் காப்பாற்றியவர்களும் சிங்கள மக்களே என்று பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகள் வீழ்த்திய அவருக்கு எழுந்து நின்று கைதட்டிய நாம், அன்று அவர்களைக் காத்த பெயர் தெரியாத அயலவருக்கும் ஒருமுறை எழுந்து நிற்க வேண்டாமா? 2018இலும் அத்தகையோர் இருந்தார்கள். அயலவருக்கு அடைக்கலம் கொடுத்த குடும்பங்களும், பள்ளிவாசல்களுக்குச் சென்று துணைநின்ற பௌத்த பிக்குகளும் உண்டு. அவர்கள் பார்வையாளராக இருக்க மறுத்தவர்கள்.

3. செயற்படுவோம்

விளையாட்டை வெறுக்கச் சொல்வது நம் நோக்கமல்ல. களைத்த மனிதனுக்கு மகிழ்ச்சி தேவை. அந்த மகிழ்ச்சியிடமிருந்து நாம் கற்க வேண்டியவை உள்ளன.

• ஸ்கோர் பலகை வைப்போம். சனசமூக நிலையத்தின் முன்சுவரில் ஒரு கரும்பலகை போதும். சங்கத்தின் கையிருப்பு, இம்மாத வரவு செலவு, தீர்மானித்த வேலைகள், பொறுப்பாளர், முடிக்க வேண்டிய திகதி ஆகியவற்றை வெள்ளை எழுத்தில் எழுதி வாரந்தோறும் திருத்துங்கள். முடியாத வேலையையும் மறைக்காமல் எழுதுங்கள்.

• விதிகளை அறிவோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. பிரதேச சபையிடமோ பிரதேச செயலகத்திடமோ ஒரு வீதிக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று எந்தப் பிரசையும் தமிழிலேயே கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் 2023இல் முடிந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகள் இல்லாதிருந்து, 2025 மே 6ஆம் திகதியே மீண்டும் தேர்தல் நடந்தது. வாக்களித்ததோடு நம் ஆட்டம் முடிந்துவிடவில்லை.

• கூட்டத்தைச் சுருக்குவோம். ஒரு மணி நேரம், மூன்று விடயங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு. தலைவர் உரையை ஐந்து நிமிடத்தில் முடிக்கட்டும். போட்டி நாளன்று கூட்டம் வைத்துவிட்டு மக்களைத் திட்டாதீர்கள். போட்டி இல்லாத நாளைத் தெரிவு செய்யுங்கள்.

• கலந்து விளையாடுவோம். ஊருக்கு ஊர், இனத்துக்கு இனம் எதிராக அணி சேர்க்காமல், ஒவ்வொரு அணியிலும் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருக்கும்படி சீட்டுப் போட்டுப் பிரியுங்கள். ஆட்டத்துக்கு முன் ஒரு மணிநேரச் சிரமதானம் என்று வையுங்கள்.

• வீடுகளை அறிவோம். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மண்சரிவுகளால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட இடங்களுள் கண்டி மாவட்டமும் ஒன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுக்கிறது. சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். அந்தச் செய்தியை நள்ளிரவில் எந்த வீட்டுக்கு யார் கொண்டு செல்வது, நடக்க முடியாத முதியவர் எங்கே இருக்கிறார் என்ற பட்டியல் உங்கள் கிராமத்தில் உண்டா? இல்லையெனில், அடுத்த கூட்டத்தின் முதலாவது விடயம் அதுவே.

நாம் முதலில் குறிப்பிட்ட குடிநீர்ச் சங்கத்தில் இப்போது கரும்பலகை தொங்குகிறது. கூட்டம் நிரம்பி வழிகிறது என்று பொய் சொல்ல மாட்டோம். ஆனால் சந்தியில் நின்ற அந்த இளைஞரே மாதந்தோறும் சோக்கட்டியோடு வந்து கணக்கை எழுதுகிறார். தாங்கி திருத்தப்பட்டுவிட்டது; குழாய் வேலை பாதியில் நிற்கிறது. அதுவும் பலகையில் இருக்கிறது.

குழுவில் கலந்துரையாட

1. கடந்த ஆறு மாதங்களில் நீங்கள் பார்த்த போட்டிகள் எத்தனை? கலந்துகொண்ட ஊர்க் கூட்டங்கள் எத்தனை? காரணத்தை மனந்திறந்து பகிருங்கள்.

2. உங்கள் சங்கத்தின் கையிருப்பு இன்று எவ்வளவு? குழுவில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

3. 2018 மார்ச்சில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? என்ன செய்தீர்கள்? என்ன செய்திருக்கலாம்?

4. வேறு இனத்தைச் சேர்ந்த அயலவர் ஒருவரின் பெயர், தொழில், பிள்ளைகளின் பெயர்களைச் சொல்ல முடியுமா? முடியாவிட்டால், அடுத்த கூட்டத்துக்கு முன் அவர் வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள்.