புது மீன் வந்தாச்சு... உடனே தொட்டியில விடலாமா?

கொளத்தூர் போய் ரெண்டு அழகான கப்பி வாங்கிட்டு வந்தாச்சு. கவரைப் பிரிச்சு நேரா தொட்டியில ஊத்தணும்னு கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்க!

ரெண்டாம் வருஷம் நானும் அப்படித்தான் ஊத்தினேன். ஒரே வாரத்தில் பழைய மீன்கள் மேல உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். ஒன்பது மீன்ல ரெண்டுதான் மிஞ்சியது. தப்பு என் அவசரத்து மேலதான்.

அதன் பெயர் 'இக்', அதாவது வெள்ளைப் புள்ளி நோய். இந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் வளரும். பிறகு உதிர்ந்து, தொட்டியின் அடியில் நூற்றுக்கணக்கில் பெருகி, நீந்தி வந்து மறுபடி மீனைப் பிடிக்கும். நீந்தும் அந்தக் கட்டத்தில்தான் மருந்து வேலை செய்யும். அதனால் வராமல் தடுப்பதே சுலபம்.

1. தனித்தொட்டி: ஒரு பிளாஸ்டிக் டப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். புது மீனை 2 முதல் 4 வாரம் அதில் வைத்துக் கவனியுங்க. ஸ்பாஞ்சை முன்கூட்டியே பெரிய தொட்டியில் போட்டு வைத்தால் நல்ல பாக்டீரியா அதில் குடியேறிடும். ஆனா வலை தனித்தனியா இருக்கணும்.

2. வெப்பம்: கவரைப் பிரிக்காம 15-20 நிமிஷம் தண்ணீரில் மிதக்க விடுங்க.

3. தண்ணீர்: பக்கத்துக் கடையில் வாங்கிய மீன் என்றால், 5 நிமிஷத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் தொட்டித் தண்ணீரைக் கவரில் சேருங்க. அரை மணி நேரம் போதும். கூரியரில் வந்த மீனுக்கு இது ஆகாது. மூடின கவருக்குள்ள கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் குறையும். அதனால் அம்மோனியா பெரும்பாலும் அதிகம் பாதிக்காத அம்மோனியமா இருக்கும். கவரைத் திறந்ததும் வாயு வெளியேறி, பிஎச் ஏறி, அது விஷமான அம்மோனியாவா மாறும். அதனால் திறந்த உடனே வலையில் எடுத்து விட்டுடுங்க. எப்படி வந்த மீனா இருந்தாலும், கவர்த் தண்ணீரைத் தொட்டியில் ஊத்தாதீங்க.

4. பெரிய தொட்டிக்கு மாற்றும்போது: ஒரே நேரத்தில் ரெண்டு மூணு மீன் மட்டும். ஃபில்டரில் இருக்கிற பாக்டீரியா இப்போதைய கழிவுக்கு ஏத்த அளவுதான் இருக்கும். அது பெருக நாள் ஆகும். அதுவரை தீனியைக் குறைங்க. அம்மோனியா, நைட்ரைட் ரெண்டுமே 0-ல இருக்கணும்.

5. சண்டை: பழைய மீனுக்கு 'இது என் ஏரியா'ன்னு ஒரு நினைப்பு உண்டு. கல், செடியை இடம் மாத்தி வைங்க. எல்லைக் கணக்கு அழிஞ்சிடும். பழைய மீன்களுக்குத் தீனி போட்டுட்டு, லைட்டை அணைச்சு, புதுசை விடுங்க.

ரெண்டு வாரப் பொறுமை இருந்திருந்தா என் ஏழு மீனும் பிழைச்சிருக்கும். உங்க மீனுக்கு அந்த ரெண்டு வாரத்தைக் கொடுங்க.