தேம்ஸ் கரை பப்புக்குப் போகிறீர்களா?

ஆக்ஸ்ஃபோர்டு போகிறவர்கள் ஒரு மதியத்தை வுல்வர்கோட் கிராமத்துக்கு ஒதுக்குங்கள். போர்ட் மெடோ புல்வெளியில், மேயும் மாடுகளையும் குதிரைகளையும் பார்த்தபடியே நடந்தால் தேம்ஸ் கரையில் 'தி ட்ரவுட் இன்' என்ற பப் வரும். பழைய கல் கட்டடம், தடுப்பணையில் இரைந்து விழும் தண்ணீர், கரையோரம் மேசைகள். அந்தச் சத்தத்துக்காகவே போகலாம்.

இங்கிலாந்துக் கிராமத்து பப்களில் பெரும்பாலும் யாரும் மேசைக்கு வந்து கேட்க மாட்டார்கள். நாமே கவுண்டரில் சொல்லி, பணம் கட்டி, கிளாஸை எடுத்துவர வேண்டும். ஒரு பைன்ட் என்பது 568 மி.லி.; அரை பைன்ட்டும் கேட்கலாம். மது தொடாதவர்களும் தயங்காமல் போகலாம். குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது அங்கே சட்டம். மதியத்துக்கும் இரவுக்கும் நடுவில் பல இடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள், நேரம் விசாரித்துக்கொள்ளுங்கள். 'ஞாயிறு ரோஸ்ட்' எனும் வாட்டிய இறைச்சி விருந்தைச் சாப்பிட ஆசையென்றால் முன்பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.