நான்கு பக்கத்தில் ஒரு தேதி

கடலூர்,
செவ்வாய் இரவு

அன்புள்ள மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். கல்லூரிச் சொற்போரில் கொரோனா காலத்து அரசைப் பற்றிப் பேசப் போகிறாய் என்றும், ‘அரசு தவறியது’ என்ற அணி உனக்கு விழுந்திருக்கிறது என்றும் அம்மா சொன்னாள். நீ எழுதி வைத்ததையும் போனில் அனுப்பினாள். படித்தேன். கோபம் இருக்கிறது, கைதட்டலும் வாங்கும். ஆனால் நான்கு பக்கத்தில் ஒரு தேதிகூட இல்லையே, கண்ணு.

கோயம்பேடு சந்தையை எடுத்துக்கொள். அது சென்னையின் கதை மட்டுமல்ல, நம் மாவட்டத்தின் கதையும்தான். அங்கே மூட்டை தூக்கியவர்களில் கடலூர், விழுப்புரம், அரியலூர்ப் பக்கத்து ஆட்கள் ஏராளம். 2020 ஏப்ரல் 24 வெள்ளிக்கிழமை. ஞாயிறு முதல் நான்கு நாளைக்குச் சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு என்று அரசு அறிவித்தது. நடுவில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. அன்று சந்தையில் கால் வைக்க இடமில்லை. அடுத்த சில நாளில் நம் ஆட்கள் லாரி பிடித்து ஊர் திரும்பினார்கள். அதுவரை சில பத்துகளில் இருந்த நம் மாவட்டத் தொற்றுக் கணக்கில், மே 4 அன்று ஒரே நாளில் 122 பேர் சேர்ந்தார்கள். மாநிலம் முழுக்க அன்று 527. மறுநாள் சந்தையை மூடினார்கள்.

தேதிகளை இப்படி வரிசையாக வைத்தாலே கேள்வி தானாக எழும்: ஒரு நாள் அவகாசம் கொடுத்துக் கதவை அடைத்தால் ஜனம் எங்கே போகும்? ஆனால் அந்தச் சனிக்கிழமைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று முழங்கிவிடாதே. அறிகுறி தெரியவே பல நாள் பிடிக்கும் நோய் இது. தொற்று அதற்கு முன்பே சந்தைக்குள் சுற்றியிருக்கலாம். எதிரணியில் விவரம் தெரிந்த ஒருவர் இருந்தால் அந்த இடத்தில்தான் பிடிப்பார்.

அரசுத் தரப்பையும் முழுசாகச் சொல். சந்தையை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று கேட்டோம், வியாபாரிகள் ஒத்துழைக்கவில்லை என்றார் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி. சென்னைக்கே காய்கறி தரும் சந்தையைச் சட்டென்று இழுத்து மூடுவது லேசான காரியமா? அன்று அந்த நாற்காலியில் நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று ஒரு நிமிடம் யோசி. யோசித்த பிறகு கேள்: மூடிய சில நாளிலேயே திருமழிசையில் தற்காலிகச் சந்தை திறக்க முடிந்ததே, அதை ஏப்ரல் தொடக்கத்தில் ஏன் செய்யவில்லை? இந்தக் கேள்வியை எளிதில் தட்டிவிட முடியாது.

இனி நான் கண்ணால் பார்த்தது. அப்போது நான் கிராம சுகாதார செவிலியர் என்பது உனக்குத் தெரியும். திரும்பி வந்தவர்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். பெஞ்சுகளை அடுக்கிவிட்டு, வகுப்பறைக்கு எட்டுப் பாய். ஒருவர் தோளில் மூட்டை தூக்கிய தழும்பு கறுத்துக் காய்ப்பாக இருந்தது. வாசலுக்கு வந்த அவர் மகள் கேட்டுக்கு வெளியே தூக்குவாளியை வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்றாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “டெஸ்ட் ரிசல்ட் எப்பம்மா வரும்?” ஐந்தாம் நாள் வந்தது. அதற்குள் ஊர் அவருக்குக் ‘கோயம்பேட்டான்’ என்று பேர் வைத்துவிட்டது. அரசைத் திட்டியவர்கள்கூட அவரைத்தான் நோய் கொண்டுவந்தவராகப் பேசினார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. உன் பேச்சில் அந்த மனிதர் குற்றவாளியாக வரவே கூடாது.

எண்ணிக்கையில் கவனம். ‘சாவை எல்லாம் மறைத்தார்கள்’ என்று எழுதியிருக்கிறாய். நடந்ததைச் சொல். சென்னையில் இறந்தவர் கணக்கு பொருந்தவில்லை என்று செய்தியாளர்களும் எதிர்க்கட்சியும் விடாமல் கேட்டார்கள். அரசு குழு போட்டுப் பதிவேடுகளை ஒப்பிட்டது. 2020 ஜூலை 22 அன்று 444 இறப்புகள் கணக்கில் கூடின. ‘எல்லாம்’ என்று சொன்னால் யாரும் மறுக்கலாம், 444ஐ யார் மறுப்பார்? கேட்டவர்கள் கேட்டதால் அரசே திருத்திக்கொண்டது என்பதையும் சேர்த்துச் சொல். விமர்சனத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கட்சிப் பேரை மாற்றிப்போட்டும் பார். 2020 மே 7 அன்று பழனிசாமி அரசு டாஸ்மாக் மதுக்கடைகளைத் திறந்தபோது தி.மு.க.வினர் கறுப்பு அணிந்து வீட்டு வாசலில் நின்றார்கள். 2021 ஜூன் 14 அன்று தி.மு.க. அரசு கடலூர் உள்பட 27 மாவட்டங்களில் கடை திறந்தபோது எதிர்க்கட்சிகள் எதிர்த்தன. முதல் தடவை தப்பு என்றால் இரண்டாவதும் தப்பா? நோய் வேகம் தணிந்திருந்தது என்று வாதாடலாம். அப்படியானால் அந்த அளவுகோலைச் சொல்லிவிட்டு வாதாடு. எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. கூலி இல்லாத வீட்டில் அந்தக் கடை என்ன செய்யும் என்று பார்த்தவள் நான்.

பேரிடர் நேரத்தில் அரசைக் குறை சொல்லலாமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஆக்சிஜன் இல்லை, படுக்கை இல்லை என்று சமூக ஊடகத்தில் முறையிடும் மக்கள்மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரல் 30 அன்று சொன்னது. நீ இருக்கும் சிதம்பரத்திலேயே, ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மாணவர்கள் கட்டணத்தை எதிர்த்து 2020 டிசம்பரில் தொடங்கி ஐம்பது நாளுக்கு மேல் போராடினார்கள். கொரோனா வார்டில் வேலை பார்த்த பயிற்சி மருத்துவர்களும் அதில் இருந்தார்கள். கடைசியில் அந்தக் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறியது. அங்கே படித்தவர்களைப் போய்ப் பார், அரை மணி நேரம் பேசு.

அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் எழுதிய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. யார் எந்த நாள் வந்தார், சளி மாதிரி எப்போது எடுத்தோம், முடிவு எப்போது வந்தது, எல்லாம் அதில் உண்டு. பேர்களை மேடையில் சொல்லாதே, தேதிகளை எடுத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறி வா. மதியம் சங்கரா மீன் குழம்பு வைக்கிறேன்.

அன்புடன்,
பெரியம்மா