நாளைய நடுத்தர வர்க்கம்

மேலே ஏறவும் இயலாமல், கீழே இறங்கவும் மனமின்றி நடுவில் நின்று தவிப்பவர்கள் என்று நடுத்தர வர்க்கத்தாரைச் சொல்வதுண்டு. நம்மில் பலர் அத்தகைய குடும்பங்களிலிருந்தே வருகிறோம். ஆயினும், அவ்வர்க்கம் எவ்வாறு வளர்ந்தது, இனி அதன் நிலை என்னவாகும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வளரும் நாடாகிய நம் இந்தியாவை எடுத்துக்கொண்டு, பொருளாதார வகுப்பில் நாங்கள் கற்றதையும் கணக்கிட்டதையும் இங்கே தருகிறோம்.

நடுத்தர வர்க்கத்தார் யார்?

இதற்கு ஒரே வரையறை இல்லை. 'பிரைஸ்' என்னும் ஆய்வு நிறுவனம், 2020-21ஆம் ஆண்டு விலைவாசிப்படி, ஆண்டுக்கு 5 லட்சம் முதல் 30 லட்சம் ரூபாய் வரை வருமானமுள்ள குடும்பங்களை நடுத்தர வர்க்கம் எனக் கொண்டது. அக்கணக்கின்படி அன்று மக்களுள் 31 விழுக்காட்டினர் இவ்வர்க்கத்தினர். 2046-47இல் இது 61 விழுக்காடாக உயரக்கூடும் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு. கேட்பதற்கு மகிழ்ச்சியாகவே உள்ளது. ஆனால் ஒரு வீட்டின் வரவு செலவை எழுதிப் பார்த்தபோது எங்கள் மகிழ்ச்சி குறைந்தது.

ஒரு வீட்டுக் கணக்கு

கற்பனையாக ஒரு குடும்பத்தைக் கரும்பலகையில் எழுதினோம். தந்தையின் மாத வருமானம் 45,000 ரூபாய். வாடகை 10,000, மளிகை, பால், காய்கறி 12,000, இரு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் 8,000, ஸ்கூட்டர் தவணையும் நகைக்கடன் வட்டியும் 5,000, மின்சாரம், எரிவாயு, பேருந்து, தொலைபேசி 5,000, மருந்து 2,000. ஆக மொத்தம் 42,000. மிச்சம் 3,000. ஆண்டு முழுவதும் சேர்த்தால் 36,000.

அந்த வீட்டுத் தாய்க்கு ஓர் அறுவை சிகிச்சை நேர்ந்து, 1,50,000 ரூபாய் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்காண்டுச் சேமிப்பும் அதற்குப் போதாது! நகை அடகுக்குப் போகும். அடுத்து மகளின் கல்லூரிப் படிப்பு கேள்விக்குறியாகும். ஆம், பெரும்பாலும் மகளின் படிப்புத்தான்!

இது வெறும் கற்பனையன்று. 2020இல் பெருந்தொற்று பரவியபோது இந்திய நடுத்தர வர்க்கம் 3 கோடியே 20 லட்சம் பேர் அளவுக்குச் சுருங்கியதாக, வேறோர் அளவுகோலைக் கொண்ட பியூ ஆய்வு மையம் மதிப்பிட்டது. குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு 2020-21இல் நாட்டு வருமானத்தில் 11 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. 2022-23இல் அது சுமார் 5 விழுக்காடாகக் குறைந்தது. கடன் வளர்ந்தது இதற்கு ஒரு முக்கிய காரணம்.

ஏறி வந்த ஏணி

நம் தாத்தா, பாட்டி காலத்தில் ஏழைக் குடும்பங்கள் எப்படி முன்னேறின? காமராசர் முதலமைச்சராக இருந்த 1954-63 காலத்தில் இலவசக் கல்வியும் மதிய உணவும் தமிழகத்தில் விரிவடைந்தன. 1956இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தோன்றியது. 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. அரசு அலுவலகம், இரயில்வே, வங்கி, பள்ளி ஆகியவற்றில் கிடைத்த நிலையான வேலையும் ஓய்வூதியமும் பல குடும்பங்களைத் தூக்கி நிறுத்தின. இவை யாவும் பொதுமக்களின் வரிப்பணத்தாலும் சேமிப்பாலும் அமைந்த ஏணிப்படிகள்.

1991இல் வந்த பொருளாதாரச் சீர்திருத்தம் புதிய தொழில்களையும் உயர்ந்த ஊதியத்தையும் தந்தது. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வருமானம் உயர்ந்ததும் நாம் பொதுப் பள்ளியையும் பொது மருத்துவமனையையும் விட்டு விலகினோம். நாம் விலகியதால் அவற்றின் குறைகளைக் கேட்பார் குறைந்தனர். எங்கள் கணக்கைப் பாருங்கள்: அக்குடும்பத்தின் பள்ளிக் கட்டணம், மாத மிச்சத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் அதிகம். பொதுவாக இருந்ததைத் தனியாக வாங்கும் செலவே நம்மைக் கடனாளியாக்குகிறது.

நல்ல அடையாளமும் உண்டு. மருத்துவத்திற்கு நாடு செய்யும் மொத்தச் செலவில், மக்கள் தம் கையிலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14இல் 64 விழுக்காடாக இருந்தது. 2021-22இல் 39 விழுக்காடாகக் குறைந்தது. அரசு பொறுப்பேற்றால் குடும்பத்தின் சுமை குறையும் என்பதற்கு இதுவே சான்று.

பெண்ணின் பங்கு

மேற்கண்ட கணக்கில் ஒருவர் வருமானமே இருந்தது என்பதைக் கவனித்தீர்களா? 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியப் பெண்களுள் உழைப்பில் பங்குகொள்வோர் 2017-18இல் 23 விழுக்காடு. 2023-24இல் சுமார் 42 விழுக்காடு. ஆனால் இவர்களுள் பெரும்பாலோர் சுயதொழிலிலோ, ஊதியமில்லாக் குடும்ப வேலையிலோ இருப்பவர்கள். மாத ஊதியம் பெறும் பெண் ஒருத்தி இருந்தால், அவ்வீட்டில் ஒரு நோய் வந்தாலும் மகளின் படிப்பு நிற்காது.

முடிவாக

நடுத்தர வர்க்கத்தின் எதிர்காலம் கடை வீதியில் நாம் எவ்வளவு வாங்குகிறோம் என்பதில் இல்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பதை மறவாமல் சேமிப்போம், படிப்பை வேலையாக்குவோம். எல்லாவற்றிற்கும் மேலாக, நாம் ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்காமல், பழுதான படிகளைச் செப்பனிடுவோம். நமக்குக் கீழே நிற்பவர்கள் அதில் ஏற வேண்டும். நாம் தவறி விழ நேர்ந்தாலும் நம்மைத் தாங்கப்போவது அதே ஏணிதான், தோழியரே!